பல படிகளும் ஒரு பதிவேடும்

ஒரு நூலுக்குப் படிகள் பெருகப் பெருகப் பாட வேறுபாடுகளும் பெருகும் என்பதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். அச்சுப்பொறி வாராத காலத்தில் ஏடெழுதுவோர் ஒரு சுவடியைப் பார்த்து மற்றொன்றை எழுதினர். ஒருவர் தம் ஏட்டில் திருத்திய சொல் மற்றவர் கையிலிருந்த ஏட்டைச் சென்று சேரவில்லை. எந்த ஏடு எவரிடம் உள்ளது என்று ஓரிடத்தில் குறித்து வைத்தவரும் இலர். ஆதலின், 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்று, வரிவரியாக ஒப்பு நோக்க வேண்டியவரானார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கணினிப் பொறியாளர்முன் இதே இடர்ப்பாடு வேறு வடிவில் வந்து நின்றது. ஒரே செய்திக்குப் பல படிகள். ஒன்று திருந்தினால் மற்றவை பழையனவாகிவிடும். அவர்கள் கண்ட தீர்வுகளுள் ஒன்று, எந்தப் படி எவரிடம் உள்ளது என்று குறித்து வைக்கும் பதிவேடு. எண்ணம் மிக எளிது. அதன் முழு வடிவம் 1978ஆம் ஆண்டிலேயே எழுத்தில் வந்துவிட்டது. ஆயினும், பெருங்கணினிகளில் அது விற்பனைக்கு வந்து நிலைபெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. எளிய எண்ணம் ஒன்று உண்மைப் பொறியாவதற்கு இத்துணைக் காலம் ஏன் தேவைப்பட்டது? அந்த வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதுக்கு நினைவகத்தின் தோற்றம்

கணினியில் கணக்கிடும் உறுப்பு செயலி. செய்திகளை வைத்திருக்கும் உறுப்பு நினைவகம். செயலியின் விரைவுக்கு நினைவகம் ஈடுகொடுப்பதில்லை. பாடம் எழுதும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு சொல்லுக்கும் நூலகம் வரை நடந்து சென்று அகராதி பார்த்துத் திரும்பினால் பாடம் என்று முடியும்? வேண்டிய பக்கங்களைப் படியெடுத்துத் தம் மேசைமேல் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டில் எட்சாக் என்னும் கணினியை இயங்கச் செய்த மாரிஸ் வில்க்ஸ், 1965ஆம் ஆண்டில் இக்கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். பெரிய, மெதுவான நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே சிறிய, விரைவான நினைவகம் ஒன்றை வைத்தல் வேண்டும்; அண்மையில் பயன்பட்டவை அதில் தாமாகவே வந்து தங்குதல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1968ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம் 360 வரிசையின் 85ஆம் மாதிரியில் இவ்வமைப்பு விற்பனைக் கணினியில் இடம்பெற்றது. ஒளித்து வைக்கும் இடத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழியாகக் 'கேஷ்' என்னும் பெயர் இதற்கு வழங்கலாயிற்று. நாம் இதனைப் பதுக்கு நினைவகம் என்போம்.

நினைவகச் செய்தி ஒவ்வோர் எழுத்தாகப் படியெடுக்கப்படுவதில்லை. அடுத்தடுத்துள்ள பல பைட்டுகள் ஒரு கட்டாகச் சேர்த்து எடுக்கப்படும். செயலி தன் கட்டில் எழுதினால், அந்த மாற்றம் உடனே தலைமை நினைவகத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. இடம் காலி செய்யும்போது திருப்பி எழுதினால் போதும். செயலி ஒன்றே உள்ளவரை இதில் பூசல் பெரிதாக எழுவதில்லை. மூலம் பழையதாயினும், புதியது எங்குள்ளது என்பதில் ஐயமில்லை.

செயலிகள் பலவானபோது

ஒரு செயலியின் விரைவை உயர்த்துவதற்கு எல்லை உண்டு. ஆகவே, பல செயலிகளைச் சேர்த்து ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளச் செய்யலாம் என்று பொறியாளர் கருதினர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதுக்கு நினைவகமும் அளித்தனர். அங்கேதான் சிக்கல் தோன்றியது.

ஒரு வங்கிக் கணக்கில் 500 வெள்ளி இருப்பதாகக் கொள்வோம். இரு செயலிகள் அந்த எண்ணைப் படியெடுத்து வைத்துள்ளன. முதற் செயலி 100 வெள்ளியைக் கூட்டித் தன் படியில் 600 என்று எழுதி முடிக்கின்றது. அதன் பின்னரே இரண்டாம் செயலி 50 வெள்ளியைக் கழிக்கத் தொடங்குகின்றது. தன்னிடமுள்ள பழைய படியைப் பார்த்து 500 என்று கொண்டு, 450 என்று எழுதுகின்றது. இருக்க வேண்டிய தொகை 550 வெள்ளி. இரு செயலிகளும் கணக்கில் தவறவில்லை; ஆயினும் 100 வெள்ளி மறைந்துவிட்டது. பிழை எங்கும் அறிவிக்கப்படாது என்பதுதான் இதில் அஞ்சத்தக்கது. கணினி நின்றுவிட்டால் பழுதென்று அறியலாம். தவறான விடையை அமைதியாகத் தந்தால் யார் அறிவார்?

படிகளிடையே ஒத்திசைவு இருக்க வேண்டுமாயின் இரண்டு விதிகள் காக்கப்படல் வேண்டும். ஒரு கட்டினை ஒரே நேரத்தில் பலர் படிக்கலாம்; ஆனால் எழுதுபவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும்; அவர் எழுதும்போது வேறெவரிடமும் படி இருத்தலாகாது. இது முதல் விதி. இறுதியாக எழுதப்பட்டதே அடுத்துப் படிப்பவர்க்குக் கிட்டுதல் வேண்டும். இது இரண்டாம் விதி. ஒரு கட்டினைப் பற்றிய இவ்விதிகளுக்கும் அப்பால், பல இடங்களில் நிகழும் எழுத்தும் படிப்பும் எவ்வரிசையில் தோன்றல் வேண்டும் என்னும் பெரிய வினாவை 1979ஆம் ஆண்டில் லெஸ்லி லாம்போர்ட் சுருக்கமான ஒரு கட்டுரையில் வரையறுத்தார்.

கூவி அறிவித்தலும் குறித்து வைத்தலும்

விதிகளைக் காக்க இரு வழிகள் தோன்றின. ஒன்று எல்லாரும் கேட்கக் கூவுதல். மற்றொன்று ஓரிடத்தில் குறித்து வைத்தல். வியப்பு என்னவெனில், குறித்து வைக்கும் வழியே முதலில் ஏட்டில் வந்தது.

1976ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியக் கணினி மாநாட்டில் சி. கே. டாங் என்பார் ஒரு திட்டத்தை முன்வைத்தார். எல்லாப் பதுக்கு நினைவகங்களிலும் எவை உள்ளன என்னும் பட்டியல்களின் நகல்கள் மைய இடத்தில் இருக்கும். ஒரு கட்டு எவரிடம் உள்ளது என அறிய அப்பட்டியல்கள் அனைத்தையும் தேட வேண்டும். 1978ஆம் ஆண்டு திசம்பரில் பிரெஞ்சு நாட்டினரான லூசியன் சென்சியேயும் போல் ஃபோத்ரியேயும் இதனைத் திருப்பி அமைத்தனர். அவர்கள் திட்டத்தில், நினைவகத்தின் ஒவ்வொரு கட்டும் தன் அருகிலேயே தனக்குரிய குறிப்பைக் கொண்டிருக்கும். செயலி ஒன்றுக்கு ஒரு பிட் வீதம் 'இவரிடம் படி உண்டு' என்னும் குறியும், 'இது திருத்தப்பட்டுள்ளது' என்னும் ஒரு குறியும் அதில் அடங்கும். தேடுதல் நீங்கியது; பார்த்தால் போதும் என்றாயிற்று. இதுவே பதிவேட்டு முறையின் செவ்விய வடிவம்.

ஆனால் அக்காலத்துச் சூழல் மற்றொரு வழிக்கே துணை நின்றது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் குட்மன் 1983ஆம் ஆண்டில் 'ஒட்டுக்கேட்டல்' முறையை விளக்கினார். செயலிகள் யாவும் பஸ் எனப்படும் ஒரே பொதுப்பாதையில் இணைந்திருப்பதால், ஒருவர் எழுத முனைவதை மற்றவர் எல்லாரும் அப்பாதையில் கேட்டுத் தத்தம் படியை நீக்கிவிடுவர். பதிவேடு தேவையில்லை. சீக்குவென்ட், என்கோர் முதலிய நிறுவனங்கள் 1980களில் பொதுப்பாதைக் கணினிகளை விற்றன.

ஒரு சிற்றறையில் பத்துப் பேர் இருந்தால் குரல் கொடுத்தே செய்தி சொல்லலாம். ஆயிரம் பேர் கூடும் திடலில் ஒவ்வொருவரும் குரல் எழுப்பினால் எவர் சொல் எவர்க்குக் கேட்கும்? பொதுப்பாதையில் ஒரு நேரத்தில் ஒரு செய்தியே செல்ல முடியும். செயலிகளின் எண்ணிக்கை சில பத்துகளை எட்டியதும் அப்பாதை நெருக்குண்டது. அந்நிலையில்தான் அறிஞர்கள் பழைய பதிவேட்டை மீண்டும் எடுத்துப் புரட்டினர்.

பதிவேடு இயங்கும் முறை

பள்ளி அலுவலகத்தில் மாணவர் விவரக் கோப்பின் மூலம் உள்ளது. ஆசிரியர் மூவர் அதன் நகலை வகுப்பறைக்கு எடுத்துச் சென்றுள்ளனர். எழுத்தர் தம் பதிவேட்டில் மூவர் பெயரையும் குறித்திருக்கின்றார். நான்காம் ஆசிரியர் ஒருவர் வந்து, மாணவரின் முகவரியை மாற்ற வேண்டும் என்கின்றார். எழுத்தர் பள்ளி முழுவதும் ஆள் விடுவதில்லை. பதிவேட்டைப் பார்த்து அம்மூவர்க்கு மட்டும் 'உங்கள் நகல் இனிச் செல்லாது' என்று சொல்லி அனுப்புகின்றார். 'நீக்கிவிட்டோம்' என்னும் மூன்று மறுமொழிகளும் வந்த பிறகே நான்காமவர் எழுதலாம். பதிவேட்டில் இப்பொழுது அவர் பெயர் ஒன்றே இருக்கும். அருகில் 'திருத்தம் இவரிடம்' என்னும் குறிப்பும் இருக்கும். அடுத்து எவரேனும் படிக்கக் கேட்டால், மூலத்தைக் கொடாமல் அவரிடமுள்ள புதிய வடிவத்தைப் பெற்றே கொடுக்க வேண்டும்.

ஆகவே ஒரு கட்டு மூன்று நிலைகளுள் ஒன்றில் இருக்கும்: எவரிடமும் இல்லாமை, பலரிடம் படிப்பதற்காகப் பகிர்ந்திருத்தல், ஒருவரிடம் திருத்தப்பட்டிருத்தல். வேண்டியவர்க்கு மட்டும் செய்தி செல்வதால் பொதுப்பாதை தேவையில்லை. செயலிகளை வலைபோல் இணைக்கலாம். நினைவகத்தையும் பதிவேட்டையும் பகுதி பகுதியாகப் பிரித்துப் பல இடங்களில் வைக்கலாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கட்டு ஒன்று 64 பைட்டு, அதாவது 512 பிட் என்று கொள்வோம். செயலிகள் 64 இருப்பின் பதிவேட்டுக்கு 65 பிட் வேண்டும். ஏறத்தாழ 13 விழுக்காடு. செயலிகள் 1024 ஆயின் 1025 பிட் வேண்டும். செய்தியைவிடச் செய்தி பற்றிய குறிப்பு இரு மடங்காகிவிடும். கணக்கேடு சரக்கறையைவிடப் பெரிதானால் எந்த வணிகர் பொறுப்பார்?

பதிவேட்டின் மறுமலர்ச்சி

1988ஆம் ஆண்டில் அனந்த் அகர்வால், ரிச்சர்ட் சிமோனி, ஜான் ஹென்னசி, மார்க் ஹோரோவிட்ஸ் ஆகிய நால்வர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இவருள் அகர்வால் சென்னை ஐ.ஐ.டி.யில் இளநிலைப் பட்டம் பெற்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நான்கு செயலிகள் கொண்ட வாக்ஸ் கணினியில் உண்மை நிரல்கள் ஓடும்போது எந்தெந்த நினைவக இடங்கள் நாடப்பட்டன என்று பதிவு செய்து, அப்பதிவைக் கொண்டு பல்வேறு திட்டங்களை ஒப்பிட்டனர். எழுதுதல் நிகழும்போது, பெரும்பாலான வேளைகளில் நீக்கப்பட வேண்டிய படி ஒன்றுக்கு மேல் இருப்பதில்லை என்று கண்டனர். எல்லார்க்கும் இடம் ஒதுக்கிய நீண்ட பதிவேடு தேவையில்லை. சில பெயர்களை எழுத இடமிருந்தாலே பெரும்பாலும் போதும் என்னும் நம்பிக்கை இதனால் பிறந்தது.

ஸ்டான்ஃபோர்டில் 'டாஷ்' என்னும் கணினி உருவாயிற்று. அதன் நெறிமுறையை லெனோஸ்கி, லோடன் முதலியோர் 1990ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் வடிவமைப்பில் நான்கு செயலிகள் ஒரு கொத்து, பதினாறு கொத்துகள், ஆக 64 செயலிகள். கொத்துக்குள் ஒட்டுக்கேட்டல், கொத்துகளுக்கிடையே பதிவேடு என இரு வழிகளையும் இணைத்தனர். ஆதலால் 16 பைட்டுக் கட்டு ஒன்றுக்குக் கொத்துகளைக் குறிக்க 16 பிட், நிலையைக் குறிக்க 1 பிட் என 17 பிட்டே போதுமாயிற்று. எம்.ஐ.டி.யில் அகர்வால் குழுவினர் உருவாக்கிய 'ஆல்வைஃப்' கணினியில் சில பெயர்களுக்கு மட்டும் வன்பொருளில் இடம் வைத்தனர். அதற்கு மேல் வந்தால் நிரல் குறுக்கிட்டு எஞ்சியவற்றைக் குறித்துக்கொள்ளும். 1992ஆம் ஆண்டின் எஸ்.சி.ஐ. தர நெறியிலோ, மூலத்தில் ஒருவர் பெயரே இருக்கும். அவர் அடுத்தவர் பெயரை வைத்திருப்பார். அவர் அதற்கடுத்தவர் பெயரை வைத்திருப்பார். இடப் பஞ்சத்துக்கு அறிஞர் கண்ட மருந்துகள் இவ்வாறு பலவகைப்பட்டன.

பாவனைப் பொறியின் பணி

இடப் பஞ்சம் கண்ணுக்குத் தெரிந்த இடர். அதனினும் பெரியது கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. அதனை வெளிக்கொணர்ந்தது பாவனைப் பொறி.

ஒரு கணினியைக் கட்டுவதற்குப் பல ஆண்டுகளும் பெரும் பொருளும் வேண்டும். கட்டிய பின் குறை கண்டால் என் செய்வது? எனவே, கட்ட எண்ணிய கணினியைப் போலவே நடிக்கும் நிரலொன்றை ஏற்கனவே உள்ள கணினியில் எழுதி ஓட்டிப் பார்ப்பர். சிமுலேட்டர் எனப்படும் அந்நிரலையே பாவனைப் பொறி என்கிறோம். உண்மைப் பொறி ஒரு நொடியில் செய்வதை நுணுக்கமான பாவனைப் பொறி செய்ய மணிக்கணக்காகலாம். ஆயினும் அது ஒவ்வொரு செய்தியும் எப்பொழுது புறப்பட்டது, எப்பொழுது சேர்ந்தது என்பதைக் காட்டவல்லது.

தொடக்கத்தில், முன்னரே பதிவு செய்த நினைவக நாட்டங்களின் பட்டியலைப் பாவனைப் பொறிக்கு ஊட்டினர். இதில் ஒரு குறையுண்டு. ஒரு செயலி தாமதித்தால் மற்றொரு செயலி முந்தும்; அதனால் நிகழ்ச்சிகளின் வரிசையே மாறும். பட்டியலோ மாறாது. ஆகவே, நிரலையே பாவனைப் பொறியில் ஓடச் செய்யும் முறை வந்தது. ஸ்டான்ஃபோர்டின் 'டாங்கோ' இவ்வகையது. விஸ்கான்சினில் 1993ஆம் ஆண்டில் வெளிவந்த 'விண்ட் டனல்', சி.எம்.-5 என்னும் பெருங்கணினியில் நிரல்களை நேரடியாக ஓடவிட்டு, பதுக்கு நினைவகத்தில் இல்லாத கட்டு நாடப்படும் இடங்களில் மட்டும் குறுக்கிட்டுப் பதிவேட்டின் செயலைப் பாவித்தது.

இடைநிலைகள் என்னும் இருண்ட பகுதி

பதிவேட்டு முறையைப் பாவனைப் பொறியில் எழுத அமர்பவர் முதலில் ஓர் அட்டவணை வரைவார். இடப்பக்கம் நிலைகள், மேற்பக்கம் வரக்கூடிய செய்திகள், ஒவ்வொரு கட்டத்திலும் செய்ய வேண்டியதும் அடுத்த நிலையும். நிலைகள் மூன்றே என்பதால் வேலை எளிதென்று தோன்றும். எழுத எழுதத்தான் உண்மை புலப்படும். ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் செல்வது ஒரு கணத்தில் நிகழ்வதன்று. வேண்டுகோள் புறப்பட்டுவிட்டது; மறுமொழி வரவில்லை. அந்த இடைவேளையில் வேறு செய்திகள் வந்துகொண்டேயிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். முதற் செயலியும் இரண்டாம் செயலியும் ஒரே கட்டின் படியை வைத்துள்ளன. இரண்டும் ஒரே வேளையில், 'எழுத அனுமதி தருக' என்று பதிவேட்டுக்கு எழுதுகின்றன. தம்மிடம் செய்தி ஏற்கனவே இருப்பதால் அனுமதி மட்டும் போதுமென்பது அவற்றின் எண்ணம். முதற் செயலியின் வேண்டுகோள் முந்துகின்றது. பதிவேடு இரண்டாம் செயலிக்கு 'உன் படியை நீக்கு' என்று சொல்லி அனுப்புகின்றது. அனுமதிக்காகக் காத்திருக்கும் செயலிக்கு அனுமதிக்கு மாறாக நீக்கல் ஆணை வந்து சேர்கின்றது. அது என் செய்ய வேண்டும்? படியை நீக்கி, நீக்கினேன் என்று மறுமொழி தர வேண்டும். அத்துடன், தான் கேட்டது இனி வெறும் அனுமதியன்று, செய்தியும் சேர்த்தே வேண்டும் என்று தன் காத்திருப்பின் தன்மையை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். பதிவேடும் இரண்டாம் வேண்டுகோளைக் கையில் எடுக்கும்போது, கேட்டவர் பெயர் பட்டியலில் இல்லாமை கண்டு, முதற் செயலியிடமுள்ள புதிய வடிவத்தைப் பெற்றளிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த ஒரு கட்டத்தை எழுத மறந்தால், இரண்டாம் செயலி பழைய படியின்மேல் எழுதும். முன்னர்க் கண்ட 100 வெள்ளி மீண்டும் மறையும்.

மற்றொன்று. திருத்திய கட்டை வைத்திருக்கும் செயலி, இடம் தேவைப்பட்டு அதனை நினைவகத்துக்குத் திருப்பி அனுப்புகின்றது. அச்செய்தி வழியில் இருக்கும்போதே, 'அக்கட்டு உன்னிடம் உள்ளது. இன்னார்க்குக் கொடு' என்னும் ஆணை பதிவேட்டிலிருந்து எதிரே வருகின்றது. அனுப்பியவுடன் அழித்துவிட்ட செயலி எதனைக் கொடுக்கும்? ஆகவே, 'பெற்றுக்கொண்டோம்' என்னும் ஒப்புதல் வரும்வரை அது கட்டினைக் கைவிடலாகாது. கடிதத்தை அஞ்சலில் சேர்த்தபின்னும் நகலை வைத்திருக்கும் எழுத்தரின் முன்கவனம் இங்குத் தேவைப்படுகின்றது.

இன்னும் ஒன்று. வேண்டுகோள்களும் மறுமொழிகளும் ஒரே பாதையில் சென்றால், வேண்டுகோள்கள் அடைத்துக்கொண்டு மறுமொழிகளை மறிக்கும், மறுமொழி வாராமல் வேண்டுகோள் நகராது, யாவும் உறைந்துவிடும். டாஷ் கணினியில் வேண்டுகோளுக்கு ஒரு வலையும் மறுமொழிக்கு மற்றொரு வலையும் தனித்தனியே அமைத்தது இதன் பொருட்டே.

இருபது ஆண்டுத் தாமதத்தின் உட்பொருள் இங்கே விளங்குகின்றது. பல செயலிகளை வலையால் இணைக்க வேண்டிய தேவை வரும்வரை பதிவேடு காத்திருந்தது ஒரு பாதி. 1978ஆம் ஆண்டின் எண்ணம் நிலைகளைச் சொன்னது. நிலைகளுக்கு இடைப்பட்ட காலத்தை முழுதும் கண்டறிந்து எழுதுவது பின்வந்தோர் உழைப்பாயிற்று. அது மற்றொரு பாதி. சோரின், ஹில், வுட் ஆகியோர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடநூலில் மிக எளிய பதிவேட்டு நெறிமுறைக்கே பதுக்கு நினைவகத்தின் அட்டவணையில் 11 நிலைகள் உள்ளன. மூன்று மட்டுமே நிலையானவை. எஞ்சிய எட்டும் காத்திருப்பின் வகைகள்.

பிழை தேடும் கலை

இத்தகைய அட்டவணையை மனத்தால் மட்டும் சரிபார்க்க இயலாது. 1992ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் டில் குழுவினர் 'மர்ஃபி' என்னும் கருவியை வெளியிட்டனர். சிறிய அமைப்பொன்றில் நிகழக்கூடிய எல்லா வரிசைகளையும் ஒன்றுவிடாமல் நடந்து பார்த்து, விதி மீறப்படும் இடத்தை அது காட்டும். அதே காலத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட் கிளார்க் குழுவினர், 'ஃபியூச்சர்பஸ் பிளஸ்' என்னும் தர நெறியில் எழுதப்பட்டிருந்த ஒத்திசைவு நெறிமுறையை இத்தகைய முறையால் ஆராய்ந்து, அதுவரை எவரும் காணாத பிழைகளைக் கண்டனர். வல்லுநர் குழு கூடி எழுதிய தர நெறியிலேயே பிழை ஒளிந்திருந்தது என்றால், தனியொருவர் எழுதும் அட்டவணை பற்றிச் சொல்ல வேண்டுமோ?

விஸ்கான்சின் குழுவினர் 2005ஆம் ஆண்டில் அறிமுகம் செய்த 'ஜெம்ஸ்' என்னும் பாவனைத் தொகுதி இவ்வனுபவத்தின் கனியாகும். அதில் 'ஸ்லிக்' என்னும் சிறுமொழி உண்டு. நிலை, நிகழ்ச்சி, செயல் ஆகியவற்றை அம்மொழியில் எழுதினால், பாவனைக்குரிய நிரலும் படிப்பதற்குரிய அட்டவணையும் தாமே உருவாகும். எழுதப்படாத கட்டம் ஒன்றை ஓட்டத்தில் சந்தித்தால், பாவனைப் பொறி ஊகித்துக்கொண்டு மேலே செல்லாது. அவ்விடத்திலேயே நின்று, இந்த நிலையில் இந்தச் செய்திக்கு விடையில்லை என்று அறிவிக்கும். சில கட்டுகளையே பல செயலிகளும் ஒழுங்கின்றி மாறி மாறி நாடுமாறு செய்து, அரிய மோதல்களை வலிந்து வரவழைக்கும் சோதனை நிரலும் அதில் உண்டு. நுணுக்கமானதோர் ஒழுக்கம் இது. தெரியாததைத் தெரிந்ததுபோல் கடந்து செல்லாமை, அரியது நிகழாது என்று இராமை ஆகிய இரண்டையும் அந்நிரல் கற்பிக்கின்றது. 2011ஆம் ஆண்டில் ஜெம்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5 ஆகிய இரண்டும் இணைந்து 'ஜெம்5' என்னும் பெயரில் வெளிவந்தன. அதன் மூல நிரலை எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்தலாம்.

பதிவேடு பெற்ற இடம்

1996ஆம் ஆண்டில் சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனம் ஆரிஜின் 2000 என்னும் கணினியை வெளியிட்டது. டாஷ் திட்டத்தில் உழைத்த லோடனும் லெனோஸ்கியும் அதனை வடிவமைத்தவர்களுள் இருந்தனர். பல்கலைக்கழகத்தில் பயின்ற பதிவேடு இவ்வாறு சந்தைக்கு வந்தது. பின்னர், ஒரே சில்லில் பல செயலிகளை அமைக்கும் காலம் பிறந்ததும் பதிவேடு சில்லின் உள்ளேயே குடிபுகுந்தது. 2009ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனம் தன் ஆறு கருக்கள் கொண்ட ஆப்டெரான் சில்லில், 6 மெகாபைட் பதுக்கு நினைவகத்தில் 1 மெகாபைட்டைப் பதிவேட்டுக்கு ஒதுக்க வழிசெய்தது. கருக்கள் பெருகினால் வன்பொருள் ஒத்திசைவு தாங்காது என்று சிலர் கூறிவந்த காலையில், மார்ட்டின், ஹில், சோரின் ஆகிய மூவர் 2012ஆம் ஆண்டில் அதற்கு மறுப்பெழுதினர். பதிவேடுகளை அடுக்கடுக்காக அமைத்தால் இடச்செலவு அளவோடு நிற்கும் என்று கணக்கிட்டுக் காட்டினர்.

பினாங்கில் 1972ஆம் ஆண்டிலேயே இன்டெல் ஆலை தொடங்கிற்று. சில்லுகளைக் கட்டிச் சோதிக்கும் தொழில் அன்றுமுதல் இந்நாட்டு மக்கள் கைப்பட நடந்து வருகின்றது. அச்சில்லின் உள்ளே நிகழ்வதைத் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்போர் உளர். பதிவேடு, படி, அனுமதி, ஒப்புதல், காத்திருப்பு: இச்சொற்களைக் கொண்டே இவ்வரலாற்றின் பெரும்பகுதியைச் சொல்ல முடிந்தது. இவை நம் பள்ளி அலுவலகத்தில் அன்றாடம் புழங்கும் சொற்கள். பொருள் விளங்கிவிட்டால் சொல் தானே வந்து நிற்கும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இதனை வகுப்பில் கற்பிக்கக் கணினியும் வேண்டுவதில்லை. நான்கு மாணவர்களைச் செயலிகளாகவும், ஒருவரைப் பதிவேட்டுக் காவலராகவும், இருவரை அஞ்சலராகவும் நிறுத்துங்கள். தாளில் செய்திகளை எழுதிப் பரிமாறச் செய்யுங்கள். அஞ்சலர் ஒருவர் மட்டும் மெதுவாக நடக்கட்டும். சிறிது நேரத்தில், 'ஐயா, நான் கேட்டது இன்னும் வரவில்லை. அதற்குள் இது வந்துவிட்டதே, நான் என்ன செய்வது?' என்று ஒரு மாணவர் கேட்பார். உலகத்து ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகள் போராடிய வினா அதுதான். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். கரும்பலகையில் அட்டவணையை வரைந்து, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, அவர் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுங்கள்.